கடலடியிலிருந்து மீண்ட நுஸ்ரத்

நுஸ்ரத் என்னும் அரபுச் சொல்லுக்கு உதவி என்பது பொருள். உற்ற நேரத்தில் துணை நிற்பதையும் அத்துணையால் கிட்டும் வெற்றியையும் ஒருசேரக் குறிக்கும் இச்சொல், நம் இல்லங்களில் பிள்ளைகளுக்கு விரும்பிச் சூட்டப்படும் பெயராகவும் வழங்கி வருகிறது. இப்பெயரைத் தாங்கிய துருக்கியக் கப்பல் ஒன்று, முதல் உலகப் போரின்போது, பிரிட்டன், பிரான்சு ஆகிய இரு வல்லரசுகளின் கூட்டுக் கடற்படையைத் தர்தனெல்ஸ் நீரிணையில் தடுத்து நிறுத்தியதில் பெரும்பங்கு வகித்தது. நாற்பது மீட்டர் நீளமே உடைய அச்சிறு கலம் பின்னாளில் சரக்குக் கப்பலாக்கப்பட்டு, கடலில் மூழ்கி, பத்தாண்டுகள் நீருக்கடியில் கிடந்து, பிறகு கரையேறியது. அதன் போர்ச் செயலை எழுதியோர் பலர். போருக்குப் பின் அதற்கு நேர்ந்ததை எழுதியோர் சிலரே. வீரர்களைப் போற்றுவது என்றால் என்ன என்னும் வினாவுக்கு விடை தேடுவோர், அந்தப் பிற்காலக் கதையைத்தான் முதன்மையாக அறிந்துகொள்ள வேண்டும்.

வாயிலும் காவலும்

ஈஜியன் கடலையும் மர்மரா கடலையும் இணைக்கும் தர்தனெல்ஸ் நீரிணை ஏறத்தாழ 60 கிலோ மீட்டர் நீளமுடையது. சானக்கலே நகரின் அருகே அதன் அகலம் சற்றேறக்குறைய ஒன்றேகால் கிலோ மீட்டராகச் சுருங்கிவிடுகிறது. அந்த இடுக்கைக் கடந்துவிட்டால் இஸ்தான்பூல் வரை செல்லக் கடல்வழி திறந்துவிடும். 1914-ஆம் ஆண்டின் இறுதியில் உஸ்மானியப் பேரரசு ஜெர்மனியின் பக்கம் நின்று போரில் இறங்கியபோது, பிரிட்டனும் பிரான்சும் இவ்வழியைக் கைப்பற்றத் திட்டமிட்டன. இஸ்தான்பூலை வீழ்த்திவிட்டால் உஸ்மானியர் போரிலிருந்து விலகுவர். கருங்கடல் வழியே ரஷ்யாவுக்குத் துணைப்பொருள்கள் செல்லும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. பிரிட்டனின் கடற்படை அமைச்சராயிருந்த சர்ச்சில் இத்திட்டத்தின் முதன்மை ஆதரவாளராக விளங்கினார்.

1915 பிப்ரவரித் திங்கள் 19-ஆம் நாள் நீரிணையின் வாயிற் கோட்டைகள் மீது குண்டுமாரி தொடங்கிற்று. உஸ்மானியரிடம் இருந்தவை பழைய கோட்டைப் பீரங்கிகளும், இடம்விட்டு இடம் நகர்த்தத்தக்க பீரங்கிகளும், கடலுக்கடியில் வரிசை வரிசையாக இடப்பட்ட கண்ணிவெடிகளுமே. இம்மூன்றும் ஒன்றையொன்று காத்து நின்றன. கண்ணிவெடிகளை அகற்றப் பிரிட்டிஷார் மீன்பிடிப் படகுகளை இரவுதோறும் அனுப்பினர்; கரையிலிருந்து பாய்ந்த ஒளிவெள்ளமும் குண்டுகளும் அவற்றைத் திருப்பி அனுப்பின. கண்ணிகளை அகற்றாமல் போர்க்கப்பல்கள் நெருங்க இயலாது; பீரங்கிகளை அடக்காமல் கண்ணிகளை அகற்ற இயலாது. இந்தச் சிக்கலிலேயே வாரங்கள் கழிந்தன.

இருபத்தாறு கண்ணிவெடிகள்

அப்போது உஸ்மானியக் காவலர்கள் ஒன்றைக் கூர்ந்து கவனித்திருந்தனர். பகைவரின் பெருங்கப்பல்கள் நீரிணைக்குள் வந்து குண்டு வீசிய பின், ஆசியக் கரையோரமாக உள்ள எரென்கோய் விரிகுடாவில் வலப்புறமாகத் திரும்பி வெளியேறுவதை வழக்கமாகக் கொண்டிருந்தன. துருக்கியர் அவ்விடத்தை இருண்ட துறை என்று பெயரிட்டு வழங்கினர். அங்கே கண்ணிவெடி இடுவதென முடிவாயிற்று. அதற்கு முன் இடப்பட்ட பத்து வரிசைகளும் நீரிணையின் குறுக்கே அமைந்திருந்தன. பதினொன்றாவதான இந்த வரிசையோ கரைக்கு இணையாக, நெடுக்குவாட்டில் இடப்பட வேண்டியிருந்தது. குறுக்கே தேடுகிற பகைவரின் கண்ணுக்கு நெடுக்கே கிடப்பது எளிதில் புலப்படாது என்பதே இதன் நுட்பம்.

இப்பணி நுஸ்ரத்திடம் ஒப்படைக்கப்பட்டது. ஜெர்மனியின் கீல் நகரில் கட்டப்பட்டு, 1911-இல் நீரில் இறக்கப்பட்டு, 1913-இல் உஸ்மானியக் கடற்படையில் சேர்ந்த கப்பல் அது. எடை 365 டன். அதன் தலைவர், இஸ்தான்பூலின் தோப்ஹானேப் பகுதியைச் சேர்ந்த இஸ்மாயீல் ஹக்கி. நோய்ப்படுக்கையிலிருந்து எழுந்து வந்தே அவர் இப்பணியை ஏற்றார் என்று துருக்கிய மக்கள் இன்றளவும் உருக்கத்தோடு சொல்லி வருகின்றனர். கண்ணிவெடிப் பிரிவின் தலைவராக உடன் சென்றவர் ஹாபிஸ் நஸ்மி என்று அறியப்படும் நஸ்மி பே. ஜெர்மானியக் கண்ணிவெடி வல்லுநரான கீல் என்பவரும் கப்பலில் இருந்தார்.

1915 மார்ச்சுத் திங்கள் 8-ஆம் நாள், விடிவதற்கு முன், விளக்குகளை அணைத்துவிட்டு நுஸ்ரத் புறப்பட்டது. நீரிணையின் வாயிற்புறத்தில் பகைவரின் விரைவுக்கப்பல்கள் சுற்றி வந்துகொண்டிருந்தன. புகைபோக்கியிலிருந்து ஒரு தீப்பொறி பறந்தாலும் காரியம் கெட்டுவிடும். கப்பலின் மேல்தளத்தில் நின்றவர்களின் துணிவுக்குச் சற்றும் குறைந்ததன்று, கீழே கொதிகலனுக்கு அளந்து அளந்து கரியிட்டவர்களின் துணிவு. மேல்தளத்தில் இருப்பவனுக்கு ஆபத்து கண்ணுக்குத் தெரியும். எந்திர அறையில் இருப்பவனோ காணாமலேயே அதனை எதிர்நோக்கி இருப்பவன்.

கண்ணிவெடி என்பது உள்ளீடற்ற இரும்பு உருண்டை. அடியில் கனத்த நங்கூரமும் அதனோடு பிணைத்த கம்பிவடமும் இருப்பதால், அது நீர்மட்டத்துக்குச் சில மீட்டர் கீழே அசைவற்று மிதக்கும். உருண்டையின் மேல் துருத்தி நிற்கும் கொம்புகளில் ஒன்றைக் கப்பலின் அடிப்பகுதி மோதி நெரித்ததும் வெடிக்கும். அத்தகைய இருபத்தாறினை, ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ நூறு மீட்டர் இடைவெளி விட்டு, ஓசையின்றி நீரில் இறக்கிவிட்டு நுஸ்ரத் திரும்பியது. ஒரு குண்டும் வெடிக்கவில்லை, ஒருவரும் காணவில்லை.

பத்து நாள்கள் கழித்து, மார்ச்சு 18-இல், அட்மிரல் டி ரோபெக்கின் தலைமையில் கூட்டுக் கடற்படை முழு வலிமையோடு நுழைந்தது. நண்பகலுக்குப் பின், குண்டு வீசிவிட்டுத் திரும்பிய பூவே என்னும் பிரெஞ்சுக் கப்பல், இருண்ட துறையில் கண்ணியில் சிக்கிச் சில நிமிடங்களுக்குள் கவிழ்ந்து மூழ்கியது. 600-க்கும் மேற்பட்ட மாலுமிகள் அதனோடு மாண்டனர். தொடர்ந்து பிரிட்டனின் இன்ஃப்ளெக்சிபிள் கடுஞ்சேதமுற்று விலகியது. இர்ரெசிஸ்டிபிள், ஓஷன் ஆகிய இரண்டும் அன்றே கடலுக்கு இரையாயின. கடற்படையால் மட்டும் நீரிணையைக் கடக்கும் முயற்சி அத்துடன் கைவிடப்பட்டது. ஏப்ரல் 25-இல் தரைப்படைகள் கலிப்போலிக் கரையில் இறங்கின. எட்டு மாதங்களுக்கு மேல் இரு தரப்பிலும் இலட்சக்கணக்கானோர் மாண்டும் காயமுற்றும் போன பின், 1916 ஜனவரியில் படையெடுத்து வந்தோர் முற்றிலும் வெளியேறினர்.

மார்ச்சு 18-இன் வெற்றி நுஸ்ரத் ஒன்றுக்கே உரியதன்று. கோட்டைகளில் நின்று மடிந்த பீரங்கி வீரர்களுக்கும், முந்தைய பத்து வரிசைகளை இட்டவர்களுக்கும் அதில் பங்குண்டு. எனினும் பகைவர் பாதுகாப்பானது என்று நம்பிய நீர்ப்பரப்பைப் பொறியாக மாற்றியது அந்த ஒரு விடியற்காலைப் பணியே.

மறக்கப்பட்ட கலம்

இத்தகைய கப்பலை நாடு கண்ணின் மணியெனக் காத்திருக்கும் என்றே எவரும் எண்ணுவர். நடந்ததோ வேறு. போருக்குப் பின் நுஸ்ரத் பழுது பார்க்கப்பட்டுத் துருக்கியக் குடியரசின் கடற்படையில் சிறுசிறு பணிகளைச் செய்து வந்தது. 1937-இல் அது மூழ்காளர்களுக்குத் துணை செய்யும் கலமாக மாற்றப்பட்டு, யார்தம் என்று பெயரும் மாற்றப்பட்டது. யார்தம் என்பதும் துருக்கி மொழியில் உதவியே. பொருள் மாறவில்லை, ஆனால் வரலாறு அறிந்திருந்த பெயர் போயிற்று. இரண்டாண்டுகளில் பழைய பெயர் திரும்பவும் சூட்டப்பட்டது நல்லூழே.

1955-இல் பணியிலிருந்து நீக்கப்பட்ட கப்பல் 1962-இல் தனியாருக்கு விற்கப்பட்டது. கப்தான் நுஸ்ரத் என்னும் பெயருடன் அது சரக்கு ஏற்றிச் செல்லலாயிற்று. அதன் உருவமும் பெரிதும் மாற்றப்பட்டது. கண்ணிவெடிகள் உருண்டு சென்ற தளத்தில் சரக்கு மூட்டைகள் ஏறின. 1989 ஏப்ரலில், துருக்கியின் தென்கரையிலுள்ள மெர்சின் துறைமுகத்தின் அருகே அது கவிழ்ந்து மூழ்கியது. ஒரு பேரரசின் தலைநகரைக் காத்த கப்பல் கடலடிச் சேற்றில் கிடந்தது.

இதே போரில் புகழ்பெற்ற யாவுஸ் என்னும் பெரும் போர்க்கப்பலின் முடிவு இதனினும் துயரமானது. கோபென் என்ற பெயரில் ஜெர்மனியில் பிறந்து, உஸ்மானியக் கொடியின் கீழ் போரிட்டு, பின்னர் குடியரசின் கடற்படைக்கே பெருமையாய் விளங்கிய அக்கப்பல், தன் இனத்தில் எஞ்சியிருந்த கடைசிக் கப்பலாகவும் இருந்தது. ஏற்றுக்கொள்ளுமாறு மேற்கு ஜெர்மனியிடம் கேட்டபோது அந்நாடு மறுத்தது. இறுதியில் 1973-இல் இழுத்துச் செல்லப்பட்டு, 1976-க்குள் துண்டு துண்டாக உடைக்கப்பட்டது. பெரிய கப்பலைக் காப்பதற்குப் பெருஞ்செலவு ஆகும் என்பது உண்மையே. ஆனால் உடைத்த பின் எவ்வளவு செலவிட்டாலும் அதனை மீட்க முடியாது என்பதும் உண்மையே.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. 1971 போரில் பங்கேற்ற விக்ராந்த் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் 1997-இல் ஓய்வு பெற்று, மும்பையில் சில ஆண்டுகள் அருங்காட்சியகமாக விளங்கியது. பராமரிக்க வழியின்றி 2012-இல் மூடப்பட்டு, 2014-இல் உடைப்பதற்கு விற்கப்பட்டது. அதன் இரும்பைக் கொண்டு அமைத்த நினைவுச் சின்னம் மும்பையில் நிற்கிறது. அதன் பெயரைப் புதிய கப்பலொன்று 2022 முதல் தாங்கி நிற்கிறது. பெயர் வாழ்கிறது, கப்பல் இல்லை.

மீட்டவர்கள் யார்?

நுஸ்ரத்துக்கு மட்டும் வேறு முடிவு எழுதப்பட்டிருந்தது. 1999-இல் தன்னார்வலர்கள் சிலர் முனைந்து அதனை நீரிலிருந்து மேலே கொண்டு வந்தனர். தார்சூஸ் நகராட்சி அதனைப் பெற்று, இயன்றவரை பழைய உருவுக்கு மீட்டு, 2003-இல் சானக்கலேப் போரின் நினைவாக அமைந்த பூங்காவில் மக்கள் காண நிறுத்தியது. தார்சூஸ் நாம் அறியாத ஊரன்று. அப்பாசிய கலீபா மஃமூன் அடக்கமாகியிருப்பது அங்கேதான். குகைவாசிகள் நெடுந்துயில் கொண்ட குகை இதுவே என மக்கள் நம்பும் இடங்களில் ஒன்றும் அவ்வூரின் அருகே உள்ளது. பத்தாண்டுகள் கடலடியில் துயின்ற கப்பல் அவ்வூரில் வந்து சேர்ந்தது பொருத்தமே எனத் தோன்றுகிறது.

சானக்கலே நகரிலும் நுஸ்ரத் உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டில் சுல்தான் முஹம்மத் ஃபாதிஹ் கட்டிய கோட்டையை ஒட்டிய கடற்படை அருங்காட்சியகத்தில், முழு அளவில் செய்த மாதிரிக் கப்பல் 1982 முதல் தரையில் நிற்கிறது. 2011-இல் நீரில் மிதக்கும் மாதிரி ஒன்றையும் துருக்கியக் கடற்படை கட்டியது. இவை அழகானவை, போர் நடந்த இடத்திலேயே இருப்பதால் பயனும் மிக்கவை. ஆனால் மாதிரிக் கப்பல் வெற்றியை நினைவூட்டும். மூலக் கப்பலோ மனிதர்களை நினைவூட்டும். அந்த விடியலில் மூச்சையடக்கி நின்றவர்களின் கால்கள் பட்ட கலம், எவ்வளவு சிதைந்திருந்தாலும், எவ்வளவு மாற்றப்பட்டிருந்தாலும், தார்சூஸில் இருப்பது ஒன்றே. புதிய வண்ணம் பூசிய மாதிரியின் முன் நிற்பவன் வியப்படைகிறான். மூழ்கி எழுந்த இரும்பின் முன் நிற்பவன் அமைதியடைகிறான்.

பெயர்களும் கடமையும்

ஒவ்வோராண்டும் மார்ச்சு 18 துருக்கியில் வெற்றித் திருநாளாகவும் ஷஹீதுகளை நினைவுகூரும் நாளாகவும் கொண்டாடப்படுகிறது. ஹக்கி, நஸ்மி ஆகியோரின் பெயர்கள் அப்போது நன்றியோடு உச்சரிக்கப்படுகின்றன. நஸ்மி பே போர்க்கால நாட்குறிப்பு எழுதி வைத்தார். அது பின்னாளில் நூலாக வந்தமையால் அந்நாள்களை உள்ளிருந்து பார்த்தவரின் சொல் நமக்குக் கிடைத்தது. எழுதி வைக்காத மாலுமிகளின் நினைவுக்கு அக்கப்பலே ஏடு. கரியிட்டவர், வடம் பிடித்தவர், சுக்கான் திருப்பியவர் ஆகியோரின் பங்கை எடுத்துச் சொல்ல அதைவிட வேறு சாட்சி என்ன இருக்கிறது?

எதிர்த்தரப்பில் மாண்டவர்களையும் இங்கே மறப்பதற்கில்லை. பூவேயோடு மூழ்கிய அறுநூற்றுவரும் எவரோ ஒரு தாயின் மக்களே. அவர்களுடைய கல்லறை அந்நீரிணையே. நீருக்கடியில் கிடக்கும் அப்போர்க்கால மரக்கலங்கள் பலவற்றைக் காக்கத் துருக்கி 2021-இல் கலிப்போலியில் கடலடி வரலாற்றுப் பூங்கா ஒன்றைத் திறந்தது. தன் வீரர்களை மதிக்கத் தெரிந்த சமுதாயம், தன்னோடு போரிட்டு மடிந்தவர்களின் எச்சங்களையும் மதிப்போடு காக்கிறது என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

கடலோடிகளின் வழித்தோன்றல்கள் பலர் இவ்வேட்டைப் படிப்பவர்களில் உள்ளனர். மரைக்காயர் என்னும் பெயரிலேயே மரக்கலத்தின் வாடை வீசுகிறது என்பர். கப்பல் என்பது இரும்பும் மரமும் மட்டுமன்று என்பதை அவர்களுக்கு யாரும் எடுத்துரைக்கத் தேவையில்லை. அரசு விற்றுவிட்ட, கடல் விழுங்கிவிட்ட ஒரு கலத்தை, பட்டமும் பதவியும் இல்லாத சிலர் மீட்டெடுத்தனர். பெரியோரைப் போற்றுவதற்கு ஆணையோ அழைப்போ வரும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. தம் முன்னோர் விட்டுச் சென்ற பொருள் அழியுமுன் கைகொடுத்துத் தூக்கினர். உதவி என்னும் பெயர் பூண்ட கப்பலுக்கு அவர்கள் செய்ததும் உதவியே.