ஒடிச்சு நட்ட குச்சியும் நம்ம தோட்டத்து வரலாறும்



ரப்பர் மரம் மலாயாவுக்கு வந்த கதையை வெள்ளைக்காரன் கணக்கோட எழுதி வெச்சிருக்கான். 1876-ல் விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு போனார். முளைத்தது 3,000-க்கும் குறைவு. 1877-ல் அதில் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. பிறகு மிளகும், வெற்றிலையோடு மெல்லும் கம்பிரும் விளைந்த ஜோகூர் மண்ணில் பால்மரம் பரவியது. பால் வெட்ட, கங்காணிமார் பின்னால் நம்ம தாத்தா பாட்டிமார் வந்தாங்க.

விதை போட்டு வளர்த்த பால்மரத்தில் ஒரு சிக்கல் இருந்தது. தாய் மரம் மாதிரியே பிள்ளை வராது. ஒண்ணு நிறைய பால் கொடுக்கும், பக்கத்து மரம் ஏமாத்தும். 1910-களில் டச்சுக்காரர்கள் ஜாவா, சுமத்ரா பக்கம் ஒட்டுக் கட்டும் முறையைக் கொண்டு வந்தாங்க. நாற்றின் பட்டையைச் சன்னல் மாதிரி கீறி, நல்ல மரத்து மொட்டு ஒன்றை உள்ளே வைத்துக் கட்டுவது. மலாயாவிலும் அது பரவியது. நர்சரியில் குனிந்து இதைச் செய்த கைகளில் நம்மவர் கைகள் நிறைய.

இனி நம்ம கோயில் செடிக்கு வருவோம். அதுக்குத்தான் கணக்குப் புத்தகமே இல்லை.

லயத்துக்கு ஓரமா இருந்த மாரியம்மன் கோயில்களில் என்ன இருந்தது? செம்பருத்தி, அரளி, அடுக்கு நந்தியாவட்டை, குண்டு மல்லி. செம்பருத்திதான் மலாய்க்காரர்களின் புங்கா ராயா. 1960-ல் தேசிய மலரானது. இந்தச் செம்பருத்தி விதை விடுவது அபூர்வம். அடுக்கு நந்தியாவட்டையும் குண்டு மல்லியும் அப்படித்தான். அப்படின்னா இவை ஒரு கோயிலிலிருந்து இன்னொரு கோயிலுக்குத் தானா பரவல. "அக்கா, ஒரு குச்சி குடுங்க"ன்னு யாரோ கேட்டு, யாரோ ஒடிச்சுக் கொடுத்துத்தான் போயிருக்கு. குச்சியில் வளர்வது பிள்ளைச் செடிகூட இல்லை, அதே செடிதான். தோட்டமே அழிந்து தாமான் ஆன பிறகும், பாட்டி தண்ணி ஊத்தின அந்தச் செடி உங்க வீட்டுத் தொட்டியில் உயிரோட இருக்கலாம்.

பெரியாழ்வார் ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் வைத்தார். திருப்புகலூர் முருக நாயனார் பூத்தொண்டு செய்தே நாயனார் ஆனார். சோழர் கல்வெட்டுகளில் திருநந்தவனத்துக்கு நிலம் விட்ட செய்தி இருக்கு. நாம என்ன செய்யறோம்? கோயில் இடம் மாறும்போது சிலை, சூலம், மணி, உண்டியல் எல்லாத்துக்கும் பட்டியல் போடுறோம். செடி பட்டியலில் இல்லை. புல்டோசருக்கு அரை மணி நேர வேலை அது. புது இடத்தில் மார்க்கெட் பூ, சில இடத்தில் பிளாஸ்டிக் மாலை! எனக்கு இது மனசு ஒப்பல.

உங்க பழைய தோட்டத்துக் கோயில் மாறப் போகுதுன்னு தெரிஞ்சா, முன்கூட்டியே போய்க் குச்சி எடுங்க. பென்சில் தடிமன், அரை அடி நீளம், மூணு நாலு கணு இருக்கணும். பூ, மொட்டு, கீழ் இலையெல்லாம் கிள்ளிட்டு, ரெண்டு கணு மண்ணுக்குள்ள போகிற மாதிரி மணல் கலந்த மண்ணில் நிழலில் நடுங்க. பாட்டில் தண்ணியில் போட்டு வைக்காதீங்க, ஏடிஸ் கொசு முட்டையிடும். மல்லிக்குப் பதியனும் போடலாம்: தாழ்ந்த கொடியை வளைத்து மண்ணில் புதைத்து, வேர் விட்டதும் வெட்டி எடுக்கணும். அரளிப் பால் விஷம். வெட்டினதும் கை கழுவுங்க, பிள்ளைங்களைக் கிட்ட விடாதீங்க.

வேர் பிடிச்சதும் ஒரு தொட்டி வீட்டுக்கு, ஒரு தொட்டி கோயிலுக்கு. தொட்டி மேல பெயிண்டில் வெறும் "செம்பருத்தி"ன்னு எழுதாம, எந்தத் தோட்டம், எந்தக் கோயில், எந்த வருஷம் எடுத்ததுன்னு எழுதிக் கொண்டாங்க. மடப்பள்ளிக்குப் பின்னால் நிழலில் இடம் ஒதுக்கி வெச்சிருக்கோம்.