நுரையும் நாரும்: தாளாக்கத்தில் ஒரு வரலாறு

நுரைவழித் தாளாக்கம் என்பது, நார்களை வெறும் நீரில் கலக்காமல் ஈர நுரையில் கலந்து, கம்பி வலையில் வடித்துத் தாள் செய்யும் முறையாகும்.

நீரில் நார்கள் ஒன்றோடொன்று பின்னித் திரளும். நார் நீளமானால் திரட்சியும் கூடும். ஆகவே தாளாலைகளில் கூழை நூற்றுக்கு ஒரு பங்கு நாருக்கும் குறைவாக நீர்க்கச் செய்வது வழக்கம். இதனால் ஏராளமான நீர் தேவைப்பட்டது. ஜப்பானியக் கைத்தாள் கலைஞர்கள் தொரோரோ அயொய் என்னும் செடியின் வேர்ச்சாற்றைக் கூழில் சேர்த்தனர். அச்செடி நம் வெண்டையின் இனம். வெண்டைக்காய் நறுக்கியவர்களுக்கு அதன் கொழகொழப்பை விளக்க வேண்டியதில்லை. நீர் மெதுவாக வடிந்தது, நீண்ட நார்களும் பிரிந்தே நின்றன.

ஆலைக்காரர்களுக்கோ நுரை பகை. தாளில் குறை விழும் என்று அஞ்சி நுரையடக்கிகளைச் சேர்த்தனர்.

நுரையின் அமைப்பை விளக்கியவர் பெல்ஜிய இயற்பியலாளர் ஜோசப் பிளாத்தோ. பார்வையை இழந்த பின்னும் பிறர் கண்களின் துணையோடு சோப்புப் படலங்களை ஆராய்ந்து, 1873 இல் நூலாக வெளியிட்டார். மூன்று படலங்கள் கூடும் விளிம்பு இன்று அவர் பெயரால் வழங்குகிறது. நுரையிலுள்ள நீர் பெரும்பாலும் இவ்விளிம்புகள் வழியாகவே வடிகிறது. நீரை விரும்பும் மரநார்கள் அங்கே தங்கும்போது நீரின் பாதை அடைபடுகிறது. நுரை நெடுநேரம் நிற்கிறது, கெட்டிப்படுகிறது. எல்லா நாரும் இப்படி என்று எண்ணிவிடக் கூடாது. நீர் ஒட்டாத பொருளானால் படலம் அறுந்து குமிழி உடையவும் கூடும். நுரையடக்கிகள் சில வேலை செய்வதும் இவ்வாறே.

பகையைத் துணையாக்கியவர்கள் இங்கிலாந்தின் விக்கின்ஸ் டீப் தாள் நிறுவன ஆய்வாளர்களான ராட்வன், கேட்வர்ட் ஆகியோர். 1972 இல் தம் முறையை ஆய்விதழில் வெளியிட்டனர். ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு காற்றுள்ள நுரையில் நார்கள் குமிழிகளுக்கிடையே சிக்கி நின்றன, திரள இடமில்லை. நீண்ட நார்களிலிருந்தும் சீரான தாள் வந்தது. ராட்ஃபோம் எனப்பட்ட இம்முறை அன்று தாளாலைகளில் பரவலாக வேரூன்றவில்லை என்பது வருந்தத்தக்கதே.

பல ஆண்டுகள் கழித்துப் பின்லாந்தின் விடிடி ஆய்வு நிறுவனம் இதை மீண்டும் கையிலெடுத்தது. இப்போது தாளோடு நிற்காமல், நெகிழி நுரைக்கு மாற்றான இலேசான பொதிபொருள்களும் நோக்கமாயின. நீரும் காற்றும் வெளியேறும்போது நார்ப்பின்னல் அமுங்கிவிடாமல் உலர்த்துவதுதான் அதில் கடினமான வேலை.