ஒரு பெட்டி, மூன்று கார்

பிளாஸ்டிக் கார் கிட் ஒன்றை வாங்கி, ஒட்டி, அறுத்து, பெயின்ட் அடித்து, உலகத்தில் எந்தக் கம்பெனியும் செய்யாத ஒரு காரை மேசைமேல் நிறுத்துகிற பொழுதுபோக்கு எங்கே பிறந்தது என்று தேடிக்கொண்டு போனால், வழி பொம்மைக் கடையைத் தாண்டிக் கார் ஷோரூமில் போய் முடிகிறது. தொடங்கி வைத்தவரோ ஒரு வக்கீல்.

வெஸ்ட் கலோக்லி என்பது அவர் பெயர். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டை ஒட்டிய டிராய் என்ற ஊரில் 1948-ல் ‘அலுமினியம் மாடல் டாய்ஸ்’ என்ற சின்னக் கம்பெனியைத் தொடங்கினார். முதலில் ஒரு ஃபோர்ட் செடானை அலுமினியத்தில் வார்த்தார்கள். கொஞ்ச நாளிலேயே பிளாஸ்டிக்குக்கு மாறிவிட்டார்கள். அலுமினியம் போனபின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஏ.எம்.டி. என்று சுருக்கிக்கொண்டார்கள். கார் கட்டுகிறவர்கள் நடுவில் அந்த மூன்றெழுத்துக்கு இன்றைக்கும் மதிப்பு உண்டு.

அந்தக் காலத்து டெட்ராய்ட்டில் கார்கள் ஆண்டுக்கு ஒரு முகம் மாற்றும். கிரில் மாறும், பின்விளக்கு மாறும், மட்கார்டின் வால் இன்னும் கொஞ்சம் நீளும். புது முகத்தை ஊருக்குக் காட்ட டீலர்களுக்கு ஏதாவது வேண்டியிருந்தது. ஏ.எம்.டி. செய்துகொடுத்த சின்னக் கார், நிஜக் காருக்கு அடிக்கும் அதே நிறத்தில், டீலரின் மேசைமேல் உட்கார்ந்திருக்கும். நிறம் காட்ட அது உதவும். காரை ஓட்டிப் பார்க்க வந்தவரோடு பையனும் வந்திருந்தால் அவன் கையில் ஒன்றைக் கொடுத்து அனுப்புவார்கள். அப்பா ஒரு முடிவுக்கு வரும்வரை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அது ஓடிக்கொண்டே இருக்கும். சம்பளம் கேட்காத விற்பனையாள்!

‘ப்ரோமோ’ என்று பெயர் பெற்ற இந்தக் கார்களின் அளவு 1/25. நிஜத்தில் 5.3 மீட்டர் நீளமிருந்த 1958 செவ்ரோலெட் இம்பாலா இந்தக் கணக்கில் 21 சென்டிமீட்டருக்குச் சுருங்கிவிடும். வடிவம் மட்டும் பிசகாது. புது மாடலை வெளியிடும் கம்பெனியே தன் வரைபடங்களைக் கொடுத்துச் செய்யச் சொன்ன வேலை அல்லவா! கூரை, பானட், டிக்கி, பக்கங்கள் எல்லாம் சேர்ந்து ஒரே ஓடாக வரும்படி, பக்கங்கள் விலகித் திறக்கும் அச்சுகளைச் செய்தார்கள். டெட்ராய்ட்டில் ஜான் ஹேன்லி நடத்திய ஜோ-ஹான், மில்வாக்கியில் ப்ராடக்ட் மினியேச்சர் என்று போட்டிக்கும் ஆள் இருந்தது.

ஒரே ஒரு குறை. அன்றைய ப்ரோமோக்களில் பெரும்பாலானவை செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் ஆனவை. அது கீழே போட்டால் சட்டென்று உடையாது. ஆனால் ஆண்டுகள் போகப் போகச் சுருங்கி நெளியும். பானட் குழிந்துவிடும், டிக்கி தொய்ந்துவிடும். 1960-களின் தொடக்கத்தில் எல்லோரும் பாலிஸ்டைரீனுக்கு மாறியபிறகுதான் இந்தத் தொல்லை ஒழிந்தது. நெளியாமல் தப்பிய 1950-களின் ப்ரோமோவுக்குச் சேகரிப்பவர்களிடம் நல்ல விலை கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதுவரை எல்லாமே கட்டி முடித்த கார்கள். கட்டச் சொல்லிக் கொடுக்கும் கார் நாட்டின் மறுகோடியில் பிறந்தது. ஜாக் பென்னி என்ற ரேடியோ நகைச்சுவை நடிகர், தன் கஞ்சத்தனத்துக்கு அடையாளமாக ஓட்டை மாக்ஸ்வெல் கார் ஒன்றை வைத்திருப்பதாக வாரா வாரம் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். அந்தக் காரின் இருமலையும் முக்கலையும் வாயாலேயே செய்துகாட்டியவர், பக்ஸ் பன்னி முயலுக்குக் குரல் கொடுத்த மெல் பிளாங்க். கலிபோர்னியாவில் வெனிஸ் என்ற ஊரில் ரெவெல் கம்பெனியை நடத்திய லூயிஸ் கிளேசர் அந்தப் புகழை நம்பி மாக்ஸ்வெல்லைக் கயிறு கட்டி இழுக்கும் பொம்மையாக விற்றார். பிறகு கௌலண்ட் குடும்பத்தார் வடிவமைத்த பழைய கார்கள், ஒட்டாத உதிரிகளாகவே, 1/32 அளவில், ‘ஹைவே பயனியர்ஸ்’ என்ற வரிசையில் 1951 முதல் கடைக்கு வந்தன. அப்பாக்களும் பிள்ளைகளும் சேர்ந்து ஒட்டினார்கள். பெட்டியில் இருப்பதை ஒட்டினால் பெட்டிமேல் இருக்கும் படம் வரும். அதற்குமேல் எதுவும் வராது.

சொந்தக் கற்பனையில் கார் செய்யும் வழக்கம் அதற்கு முன் இல்லாமல் இல்லை. ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிஷர் பாடி பிரிவு 1930-ல் ‘கிராஃப்ட்ஸ்மன்ஸ் கில்ட்’ என்ற போட்டியைத் தொடங்கியது. முதலில் நெப்போலியன் காலத்துச் சாரட்டு வண்டியின் மாதிரி. 1937-லிருந்து 1/12 அளவில் பையன்களே வரைந்து செதுக்கும் கனவுக் கார். பரிசு, கல்லூரிப் படிப்புக்குப் பணம். 1947-ல் முதல் பரிசு வாங்கிய சக் ஜோர்டன் பிறகு அந்தக் கம்பெனியின் வடிவமைப்புத் துறைக்கே தலைவரானார். பெரிய சாதனைதான். ஆனால் மரத்தையும் களிமண்ணையும் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் இழைக்கப் பொறுமையுள்ள பையன்கள் எத்தனை பேர்? பெண் பிள்ளைகளுக்கோ அங்கே இடமே கிடையாது. 1968-ல் அந்தப் போட்டி நின்றுபோனது.

மீதி எண்ணம் தெருவிலிருந்து வந்தது. போர் முடிந்து திரும்பிய கலிபோர்னியா இளைஞர்கள் பழைய கார்களைச் சல்லிசாக வாங்கிக் கூரையை அறுத்து இறக்கினார்கள். கைப்பிடிகளைப் பிடுங்கிவிட்டு ஓட்டையை ஈயம் ஊற்றி அடைத்து அரம் போட்டார்கள். தரையை உரசும் அளவுக்குப் பாடியைத் தாழ்த்தினார்கள். ஜார்ஜ் பாரிஸும் அவர் அண்ணன் சாமும் நடத்திய ஷெட்டில் 1952-ல் உருவான ‘ஹிரோஹாட்டா மெர்குரி’யின் படம் நாடெங்கும் பத்திரிகைகளில் வந்தது. டெட்ராய்ட்டு கொடுத்த காரை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை என்ற எண்ணம் பத்து வயதுப் பையன்கள்வரை இறங்கியிருந்தது. அவர்களிடம் லைசென்ஸ் இல்லை, வெல்டிங் மிஷின் இல்லை. 21 சென்டிமீட்டர் ப்ரோமோ இருந்தது.

1958-ல் ஏ.எம்.டி. இரண்டையும் முடிச்சுப் போட்டது. ப்ரோமோவுக்காகச் செலவழித்துச் செய்த அச்சு சும்மாதானே கிடக்கிறது? அதே பாடியைப் பெயின்ட் இல்லாமல், ஒட்டாமல், பாலிஸ்டைரீனில் வார்த்துப் பெட்டியில் போட்டார்கள். கூடவே நிஜத்தில் அந்தக் காருக்கு இல்லாத பொருள்கள்: பின்சக்கரத்தை மூடும் தகடு, பக்கவாட்டில் ஓடும் புகைக்குழாய், வேறு கிரில், பந்தயக் காருக்கான உறுப்புகள், தண்ணீரில் நனைத்து ஒட்டும் எண்கள். ‘த்ரீ இன் ஒன்’ என்று பெயர். கம்பெனி விற்றபடியே கட்டலாம், தெருவில் செய்ததுபோல மாற்றிய ‘கஸ்டம்’ காராகக் கட்டலாம், பந்தயக் காராகக் கட்டலாம்.

இந்தப் பெட்டியின் சூட்சுமம் அதன் தாராளத்தில் இல்லை என்பது என் எண்ணம். பாடி ஒன்றுதான். ஆகவே மூன்றில் ஒன்றைத்தான் கட்ட முடியும். மற்ற இரண்டுக்கான உறுப்புகள் மிஞ்சும். கல்யாண வீட்டில் மிஞ்சிய காய்கறியெல்லாம் மறுநாள் ஒரே கூட்டாவதுபோல, மிஞ்சிய கிரிலும் பம்பரும் ஒரு டப்பாவில் சேர்ந்து அடுத்த காருக்குப் போயின. ஃபோர்டின் கிரில் பான்டியாக்கில் ஏறியது. எட்செலின் பம்பரைத் திருப்பிப் போட்டால் எப்படி இருக்கும் என்று பார்க்கத் தோன்றியது. மூன்று கார் என்று கம்பெனி எண்ணிக் கொடுத்திருந்தது. ஐந்தாறு பெட்டி வாங்கியவன் டப்பாவில் எத்தனை கார் இருக்கிறது என்று யாராலும் எண்ண முடியாது. கிட் எழுதிவைத்த கட்டளையிலிருந்து பையன் நழுவியது இந்த மிச்ச டப்பாவின் வழியாகத்தான்.

மிச்சம் தீர்ந்த இடத்தில் ரம்பம் வந்தது. மெல்லிய பல் ரம்பத்தால் கூரைத் தூண்களை அறுத்து, ஒரு துண்டை எடுத்துவிட்டுத் திரும்ப ஒட்டினால் கூரை இறங்கிவிடும். பாலிஸ்டைரீனுக்கான பசை, ஒட்டுகிற இரண்டு பரப்பையும் கொஞ்சம் கரைத்து ஒன்றாக்கிவிடுகிறது. காய்ந்தபின் அது வெல்டிங் மாதிரிதான். பிறகு நம்மூர் டிங்கரிங் பட்டறையில் நடக்கும் அதே வேலை, விரல் நுனி அளவில்: பட்டி பார்ப்பது, காயவிடுவது, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பது, மறுபடி பட்டி. குரோம் உறுப்புகளுக்குத் தனி அவஸ்தை. வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கிப் படிய வைத்த பளபளப்பு அது. அதன்மேல் பசை பிடிக்காது, ஒட்டுமிடத்தைச் சுரண்டியாக வேண்டும். ஆன்டெனா, ஸ்பார்க் பிளக் வயர் எல்லாம் பெட்டியில் வராது. உறுப்புகள் தொங்கிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் காம்பை மெழுகுவத்திச் சுடரில் காட்டி இழுத்தால் நூல் வரும். எறிய வேண்டிய காம்பும் அப்படிக் காருக்குள் போய்விடும்.

ஆரம்பக் கிட்களில் எஞ்சினே இல்லை, பானட்டும் திறக்காது. சில ஆண்டுகளில் எஞ்சின் வந்தது. வந்தும் முன்சக்கரங்களை இணைக்கும் இரும்புக் கம்பி எஞ்சினின் வயிற்றில் துளை போட்டுக்கொண்டு போகும்! ப்ரோமோ பரம்பரையின் மச்சம் அது. பொறுக்காத பையன்கள் துளையை அடைத்து, அச்சுக் கம்பியை வெட்டி, சக்கரத்தை வேறு வழியில் மாட்டினார்கள். கம்பெனியின் சிக்கனமும் பையனுக்குப் பாடமாகிவிட்டது என்று சொல்ல வேண்டும்.

1960-களின் முதல் பாதி பொற்காலம். தெருவிலிருந்து வந்த யோசனைக்குக் கம்பெனிகள் தெருவின் ஆட்களையே கூலிக்கு வைத்தன. ஜார்ஜ் பாரிஸும் ஜீன் வின்ஃபீல்டும் ஏ.எம்.டி. பக்கம், டேரில் ஸ்டார்பர்ட் மோனோகிராம் பக்கம், ‘பிக் டாடி’ எட் ராத் ரெவெல் பக்கம். ராத் வரைந்த, ஈ மொய்க்கும் பச்சை எலி ‘ராட் ஃபிங்க்’ 1963-ல் கிட்டாகவே வந்து பெற்றோர் முகத்தைச் சுளிக்க வைத்தது. ஏ.எம்.டி.யிலிருந்து பிரிந்த ஜார்ஜ் டோடெஃப் எம்.பி.சி. என்ற கம்பெனியைத் தொடங்கினார். பசையை முகர்ந்து போதை தேடும் பழக்கம் பெரிய பேச்சானதும், டெஸ்டர்ஸ் கம்பெனி 1960-களின் இறுதியில் தன் பசையில் கடுகு எண்ணெய்க் காரத்தைக் கலந்தது. முகர்ந்தால் மூக்கு எரியும்.

வின்ஃபீல்ட் கதையில் ஒரு கிளை உண்டு. ஏ.எம்.டி. அரிசோனாவின் ஃபீனிக்ஸில் அவருக்கு முழு அளவு கார்கள் செய்யும் பட்டறை அமைத்துக் கொடுத்தது. ‘ஸ்டார் ட்ரெக்’ தொலைக்காட்சித் தொடருக்கு ஆள் ஏறி உட்காரும் கலிலியோ விண்கலத்தை அந்தப் பட்டறைதான் கட்டியது. தொடரின் எண்டர்பிரைஸ் கப்பலை கிட்டாக விற்கும் உரிமை ஏ.எம்.டி.க்குக் கிடைத்தது. பத்தாண்டு கழித்து ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் மாடல் கலைஞர்கள் குவியல் குவியலாக கிட் வாங்கி, டாங்கியும் காருமாக உதிரிகளை விண்கலங்களின் மேல் ஒட்டினார்கள். மிச்ச டப்பா சினிமாவுக்குப் போனது இப்படித்தான்.

ஜப்பானின் வழி வேறு. ஷிசுவோகாவின் டமியா, மர வியாபாரத்தில் தொடங்கிப் பிளாஸ்டிக்குக்கு வந்த குடும்பம். 1967-ல் ஹோண்டாவின் ஃபார்முலா ஒன் காரை 1/12 அளவில் போல்ட் போல்ட்டாகச் செய்துகாட்டினார்கள். 1970-களில் ஒரு போர்ஷேவுக்கு கிட் செய்வதற்காக ஷுன்சாகு டமியா நிஜமான 911 ஒன்றை விலைக்கு வாங்கிப் பிரித்துப் போட்டார். பிரித்ததைத் திரும்பப் பூட்ட போர்ஷே மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டி வந்ததாம். டமியா கிட்டில் ஓர் உறுப்பும் மற்றதோடு சண்டை போடாது, தானாகப் பொருந்தும். எனக்கு அந்த நேர்த்தியில் மயக்கம் உண்டு. ஆனால் பொருந்தாத இடத்தில்தான் பழைய அமெரிக்கக் கிட் ரம்பத்தை எடுக்க வைத்தது.

ரம்பத்தைக் கம்பெனிகளும் எடுத்தன. அடுத்த ஆண்டு காரின் முகம் மாறினால் புது அச்சு செய்யும் செலவுக்குப் பதிலாகப் பழைய அச்சையே வெட்டித் திருத்துவார்கள். விற்பனை ஓய்ந்தால் அதே அச்சின் சக்கர வளைவை அகலப்படுத்திப் பந்தயக் காராக்குவார்கள். திருத்திய அச்சைப் பழையபடி ஆக்குவது எளிதல்ல. எனவே 1960-களின் பல கார்களை அவற்றின் அசல் வடிவில் மறுபடி வார்க்க வழியில்லாமல் போயிற்று. ஏ.எம்.டி., எம்.பி.சி. பெயர்களை இன்று வைத்திருக்கும் ரவுண்ட் 2 கம்பெனி சிலவற்றுக்குப் புது அச்சே செய்ய வேண்டியதாயிற்று.

அதனால் இப்போது வேலை தலைகீழாக நடக்கிறது. அறுபது ஆண்டுக்கு முன் ஏதோ ஒரு பையன் பசையை அப்பி, கூரையை அறுத்து, தூரிகையால் சிவப்படித்துவிட்டுப் போன காரைத் தேடி வாங்குகிறார்கள். பெயின்ட் கழல பிரேக் ஆயிலில் ஊறப் போடுகிறார்கள். பசை விட்ட இடமாகப் பார்த்துப் பிரித்து, அறுத்த தூணை நீட்டி, அடைத்த துளையைத் திறந்து, கம்பெனி விற்ற வடிவத்துக்குக் கொண்டுவருகிறார்கள். பாடி தேறினால் சிலிகான் ரப்பரில் அச்செடுத்து ரெசினில் நாலு பிரதி வார்த்து மற்றவர்களுக்கும் விற்கிறார்கள். பம்பர் உடைந்திருந்தால் அச்செடுத்தும் பயனில்லை. அதற்கு இன்னொருவரின் மிச்ச டப்பாவைத்தான் கேட்க வேண்டும்.