திரும்ப முடியாதவர்களின் கடவுச்சீட்டு

இந்தோனேசியாவின் சாதாரணக் கடவுச்சீட்டுக்குப் பல்லாண்டுகளாகப் பச்சை அட்டை. அதன் மேல் பொன்னிறக் கருடன். கருடனின் கால்கள் பற்றியிருக்கும் பட்டையில் ‘பலவாயினும் ஒன்றே’ என்று பொருள்படும் பழஞ்சாவக மொழித் தொடர். மஜாபாஹித் பேரரசின் காலத்தில், 14 ஆம் நூற்றாண்டில், எம்பு தந்துலர் இயற்றிய சுதசோமக் காவியத்திலிருந்து எடுக்கப்பட்டது அது. சிவனும் புத்தனும் வேறல்லர் என்று சொல்ல வந்த இடத்தில் கவிஞர் வைத்த தொடர், இன்று ஒரு நாட்டு மக்கள் எல்லை கடக்கும்போது கையோடு கொண்டுசெல்லும் முத்திரையாகிவிட்டது. கவிதை கடவுச்சீட்டின் மேல் ஏறிய அதே நாட்டில், கவிஞர்களிடமிருந்து கடவுச்சீட்டு பறிக்கப்பட்ட வரலாறும் உண்டு. நாம் இங்கே பேச விரும்புவது அதைப் பற்றித்தான்.

‘இந்நாட்டவர் யார்’ என்ற கேள்வி அங்கே விடுதலைக்கு முன்பே சிக்கலாகிவிட்டது. டச்சு ஆட்சி மக்களை ஐரோப்பியர், அயல் கீழைத்தேயத்தார், சுதேசிகள் என்று மூன்றாகப் பிரித்து ஆண்டது. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, சாவகத்தில் வாழ்ந்த சீனர்கள் தமக்கு ஒதுக்கப்பட்ட குடியிருப்பை விட்டு வெளியூர் செல்லவே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. ஆக, அங்கே பயணச் சீட்டு என்பது பயணத்தை எளிதாக்கப் பிறந்ததன்று; தடுத்து நிறுத்தப் பிறந்தது.

1945 ஆகஸ்டு 17 அன்று விடுதலை பிரகடனம் செய்யப்பட்டது. 1949 டிசம்பரில் டச்சு அரசு இறையாண்மையைக் கையளித்தது. ஆனால் பழைய பிரிவினையின் நிழல் மறையவில்லை. சீன வம்சாவளியினர் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது பிறப்புச் சான்று மட்டும் போதவில்லை. தாம் இந்தோனேசியக் குடிகள்தாம் என்பதற்குத் தனியாக ஒரு சான்றிதழையும் காட்ட வேண்டியிருந்தது. அது தேவையில்லை என்று 1996 இல் அதிபர் ஆணை வந்த பிறகும் அலுவலகங்கள் அதைக் கேட்டுக்கொண்டேயிருந்தன. 2001 இல் பூப்பந்தாட்ட உலக வாகையரான ஹெந்திராவானுக்கே இந்தச் சான்றிதழ் எளிதில் கிடைக்கவில்லை. அதிபர் மேகவதி தலையிட வேண்டியிருந்தது. நாட்டுக்காகக் கோப்பை வென்று தருபவனுக்கு அந்நாட்டவன் என்று நிறுவ ஒரு தாள் தேவைப்பட்டது.

இதைவிடக் கொடிய கதை 1965 இல் தொடங்குகிறது. அதிபர் சுகர்ணோவின் காலத்தில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் சோவியத் ஒன்றியத்துக்கும் சீனாவுக்கும் கிழக்கு ஐரோப்பிய நாடுகளுக்கும் உயர்கல்விக்கு அனுப்பப்பட்டார்கள். எழுத்தாளர்களும் இதழாளர்களும் மாநாடுகளுக்கும் ஆசிரியப் பணிக்கும் சென்றார்கள். அவ்வாண்டு செப்டம்பர் 30 ஆம் நாள் நள்ளிரவைத் தாண்டி ஜகார்த்தாவில் ஆறு தளபதிகள் கடத்திக் கொல்லப்பட்டனர். பழி பொதுவுடைமைக் கட்சியின் மேல் விழுந்தது. தொடர்ந்த படுகொலைகளில் மாண்டவர்கள் 5 லட்சம் முதல் 10 லட்சம் வரை இருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் மதிப்பீடு. 1966 மார்ச்சில் அதிகாரம் சுகர்த்தோவின் கைக்கு மாறியது.

வெளிநாட்டிலிருந்தவர்கள் தூதரகங்களுக்கு அழைக்கப்பட்டு விசாரிக்கப்பட்டார்கள். புதிய ஆட்சியை ஏற்பதாக எழுதித் தராதவர்களின் கடவுச்சீட்டுகள் முடக்கப்பட்டன. பலர் எந்தக் கட்சியிலும் உறுப்பினர்கள் அல்லர். தம்மைப் படிக்க அனுப்பிய அதிபரை மறுதலிக்க மனம் ஒப்பாதவர்கள், அவ்வளவுதான். அந்த ஒரு கையெழுத்தின் விலையாக அவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள்.

சட்டமும் இதற்குத் துணை நின்றது. 1958 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி, அரசுப் பணியிலின்றி ஐந்தாண்டுகள் வெளிநாட்டில் வாழ்பவர், குடியுரிமையைத் தொடர விரும்புவதாக அறிவிக்காவிட்டால் அதை இழப்பார். எங்கே அறிவிப்பது? கடவுச்சீட்டைப் பறித்துக்கொண்டு கதவைச் சாத்திய அதே தூதரகத்தில். இந்தக் குரூரமான வட்டத்தை எந்த நாடக ஆசிரியரும் இதைவிடக் கச்சிதமாக அமைத்திருக்க முடியாது.

உண்மையில் ஒரு நாடக ஆசிரியர் இதற்குள் சிக்கியும் இருந்தார். ‘அவால் தான் மீரா’ நாடகத்தால் புகழ்பெற்ற ஊதுய் தாதாங் சொந்தானி 1965 இல் பீஜிங் சென்றவர். பின்னர் மாஸ்கோவுக்குப் போய் 1979 இல் அங்கேயே மறைந்தார். கவிஞர் ஆகாம் விஸ்பி 2003 இல் நெதர்லாந்தில் இறந்தார். 1963 இல் பீஜிங்குக்கு மொழி கற்பிக்கப் போன சொப்ரோன் ஐதித்தின் அண்ணன்தான் பொதுவுடைமைக் கட்சித் தலைவர் டி. என். ஐதித். அண்ணன் சுட்டுக் கொல்லப்பட்டார். தம்பிக்குத் தாயகம் இல்லாமற்போயிற்று. 1980களின் தொடக்கத்தில் பாரிசுக்கு வந்த சொப்ரோன், தம்மைப் போன்ற நண்பர்களோடு சேர்ந்து 1982 இல் ‘ரெஸ்தொரான் இந்தோனேசியா’ என்ற உணவகத்தைக் கூட்டுறவாகத் தொடங்கினார். நாட்டின் பெயரைக் கடவுச்சீட்டில் எழுதிக்கொள்ள முடியாதவர்கள் அதைக் கடைப் பலகையில் எழுதிவைத்தார்கள். லைலா எஸ். சுதோரியின் ‘பூலாங்’ நாவலுக்கு (2012) இந்த உணவகமே தூண்டுதல். ‘பூலாங்’ என்றால் வீடு திரும்புதல் என்று பொருள்.

உள்நாட்டில் இருந்தவர்களின் நிலை இதன் மறுபக்கம். பூரு தீவிலிருந்து 1979 இல் விடுதலையான பிரமூத்யா அனந்த தூருக்கு நாடு இருந்தது. அதை விட்டு வெளியே செல்லும் உரிமை இல்லை. 1995 இல் மகசேசே விருதைப் பெற அவரால் மணிலா செல்ல முடியவில்லை. சுகர்த்தோ வீழ்ந்த பிறகு, 1999 இல்தான் அவர் அமெரிக்காவுக்குப் பயணம் செய்தார். ஒருவரால் திரும்ப முடியவில்லை, மற்றவரால் புறப்பட முடியவில்லை. இருவருக்கும் இடையே நின்றது ஒரே சிறு புத்தகம்.

2000 இல் அதிபர் அப்துர்ரஹ்மான் வாஹித், நாடு திரும்ப முடியாமற்போனவர்களின் சிக்கலைத் தீர்க்க ஆணை பிறப்பித்து, தம் சட்ட அமைச்சரை நெதர்லாந்துக்கு அனுப்பினார். நல்ல தொடக்கம், ஆனால் 2001 இல் அவர் பதவி இழக்க, முயற்சியும் தேய்ந்தது. 2006 ஆம் ஆண்டின் புதிய சட்டம், அறிவிக்கத் தவறியதால் குடியுரிமை இழந்தவர்கள் மூன்றாண்டுகளுக்குள் பதிவுசெய்து அதை மீண்டும் பெறலாம் என்றது. ஆனால் இரட்டைக் குடியுரிமை ஏற்படக் கூடாது என்றும் சொன்னது. முதுமையில், தமக்கு அடைக்கலமும் ஓய்வூதியமும் தந்த நாட்டின் உரிமையைத் துறந்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும் என்றால் எத்தனை பேரால் முடியும்?

2023 ஜனவரியில் அதிபர் ஜோக்கோ விடோடோ, 1965-66 படுகொலைகள் உட்பட 12 நிகழ்வுகளைக் கடும் மனித உரிமை மீறல்கள் என ஒப்புக்கொண்டு வருந்தினார். அவ்வாண்டு ஆகஸ்டில் இரு அமைச்சர்கள் ஆம்ஸ்டர்டாமில் முதியவர்களைச் சந்தித்து, அவர்கள் துரோகிகள் அல்லர் என்று சொன்னார்கள். நாட்டுக்கு வந்துபோக விசாச் சலுகைகள் தருவதாகவும் அறிவித்தார்கள். லோலா அமாரியாவின் ‘எக்சில்’ ஆவணப்படம் அவ்வாண்டே தேசிய விருதான சித்ரா விருதைப் பெற்றது.

விசா என்பது அயலாருக்குத் தரப்படுவது. சொந்த ஊருக்குப் போக விசா பெறும் கிழவருக்கு அது சலுகையா, அல்லது அவர் அயலார்தாம் என்பதற்கான கடைசி முத்திரையா? துரோகியல்லர் என்று ஒப்புக்கொண்ட பிறகு அவருக்குத் திருப்பித் தர வேண்டியது, அவரிடமிருந்து எடுத்துக்கொண்ட அந்தக் கடவுச்சீட்டைத்தான் என்றே நமக்குத் தோன்றுகிறது. அதை நீட்டும் நாளில் வாங்கிக்கொள்ள அவர்களில் எத்தனை பேர் உயிரோடு இருப்பார்கள் என்பதுதான் கவலை.