பெருங்குடல் புற்றில் சி.இ.ஏ. புரதம்: மெர்ட்டலின் வாசிப்புக்கு ஒரு மறுப்பு

சி.இ.ஏ. (கார்சினோஎம்பிரியோனிக் ஆன்டிஜென்) புரதத்தின் மீது மிகக் கடுமையான தீர்ப்பை எழுதியவர் மேயோ கிளினிக்கின் சார்லஸ் மெர்ட்டல். 1993இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் அவர் குழு வெளியிட்ட கட்டுரை, பெருங்குடல் புற்றை அறுத்து நீக்கிய 1216 பேரைப் பற்றியது. அவர்களில் 1017 பேருக்கு இந்தப் புரதம் இரத்தத்தில் தொடர்ந்து அளக்கப்பட்டது. அளந்ததால் குணமானவர்கள் மிகச் சொற்பம். அந்தச் சிறு பயனுக்காக நோயாளிகள் செலவையும் உடல், மன அலைச்சலையும் ஏற்க வேண்டுமா என்று மெர்ட்டல் கேட்டார். அவர் கணக்கை நான் மறுக்கவில்லை. ஆயுளை முன்னறிவிக்கும் ஒரு குறியைக் குணமானவர்களின் எண்ணிக்கையால் எடைபோட்டதைத்தான் மறுக்கிறேன்.

இந்தக் குழப்பத்தின் வேர் 1969இல் இருக்கிறது. மான்ட்ரியலில் ஃபில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மனும் 1965இல் கண்டெடுத்த இந்தப் புரதத்தை இரத்தத்தில் அளக்கும் கதிரியக்க முறை அந்த ஆண்டு வெளியானது. அதில் ஓர் எண்: பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயாளிகள் 36 பேரில் 35 பேரிடம் புரதம் தென்பட்டது. புற்றைத் தொடக்கத்திலேயே பிடிக்கும் சோதனை கிடைத்துவிட்டது என்ற நம்பிக்கையை ஊட்டிய எண் இது. இதன் பக்கத்தில் 1978இல் வானிபோ குழு தந்த எண்களை வைத்துப் பார்க்க வேண்டும். நோயின் பரவலை 'ஏ' முதல் 'டி' வரை வகுக்கும் டியூக்ஸ் முறையில், 'ஏ' நிலையில் 3 விழுக்காட்டினருக்கே அளவு கூடியிருந்தது. 'பி'யில் 25, 'சி'யில் 45, 'டி'யில் 65 விழுக்காடு. தொடக்ககாலச் சோதனைகளில் மில்லிலிட்டருக்கு 2.5 நானோகிராம் எல்லையாக இருந்தது, வானிபோ 5 நானோகிராமை எல்லையாகக் கொண்டார் என்பது உண்மையே. ஆனால் இவ்வளவு பெரிய இடைவெளியை எல்லை மாற்றம் மட்டும் உண்டாக்கியிருக்க முடியாது. அந்த 36 பேரில் மிகப் பலர் நோய் முற்றியவர்களாக இருந்திருக்க வேண்டும் என்றே கருதுகிறேன். அப்படியானால் 1969இன் எண், நோய் இருக்கிறதா என்ற கேள்விக்குப் பதிலே அல்ல. நோய் எவ்வளவு தூரம் போய்விட்டது என்பதைத்தான் அது காட்டியது. அன்று அதை யாரும் அப்படிப் படிக்கவில்லை.

நோயைக் கண்டுபிடிக்கும் கருவி ஆயுளைக் கணிக்கும் குறியாக மாறியது எந்த ஆண்டு? வானிபோவின் எண்கள் வந்த 1978ஐச் சொல்வது வழக்கம். ஆனால் 1971லேயே வேறு பல புற்றுகளிலும் இந்தப் புரதம் தென்பட்டு, அதன் தனித்தன்மை உடைந்துவிட்டது. 1980இல் அமெரிக்கத் தேசிய உடல்நலக் கழகம் கூட்டிய மாநாடு, பொதுமக்களிடையே நோய் தேட இது உதவாது என்றது. மாற்றம் 1971க்கும் 1980க்கும் நடுவே எங்கோ நிகழ்ந்தது. ஓர் ஆண்டைக் குறித்துச் சொல்வது செயற்கையாகவே இருக்கும்.

இனி மெர்ட்டலின் எண்களுக்கே வருவோம். நோய் திரும்பிய 417 பேரில் 59 விழுக்காட்டினருக்குப் புரத அளவு முன்கூட்டியே ஏறியிருந்தது. திரும்பாத 600 பேரில் அப்படி ஏறியது 16 விழுக்காட்டினருக்கு. சோதனையின் குறையைக் காட்ட அவர் தந்த எண்கள் இவை. எனக்கோ, புரதம் கட்டியைப் பின்தொடர்வதற்கு இவற்றைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. எச்சரிக்கை வந்தபின் மருத்துவரின் கையில் என்ன இருந்தது? மறு அறுவையும் ஃப்ளூரோயுராசில் மருந்தும்தான். அடுத்த மருந்தான இரினோடீகன் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றதே 1996இல். சிகிச்சையின் இயலாமையைக் குறியின் கணக்கில் எழுதியது நியாயமல்ல.

மெர்ட்டலின் பக்கம் வலுவான ஒரு சான்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. சி.இ.ஏ. ஏறியதும் மறு அறுவை செய்வதா என்று பிரிட்டனில் 1982 முதல் 1993 வரை நடந்த சோதனையில், உடனே செயல்பட்ட பிரிவில் 108 பேரில் 91 பேரும் மற்றதில் 108 பேரில் 88 பேரும் இறந்தனர். இந்த முடிவு 2014 வரை அச்சேறாமல் கிடந்தது பெரும் இழப்பு. ஆயினும் இதுவும் அந்த அறுவையைப் பற்றிய தீர்ப்புதான்.

என் வாதத்துக்கு நெருங்கிய சான்று 2018இல் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையிலிருந்து வந்தது. புரத அளவு அறுவைக்கு முன் கூடியிருந்து பின் இயல்புக்கு வந்தவர்களில் 87.9 விழுக்காட்டினர் மூன்றாண்டு நோய் திரும்பாமல் வாழ்ந்தனர். அறுவைக்குப் பின்னும் கூடியே இருந்தவர்களில் 74.5 விழுக்காட்டினர். பின்னவர்கள் வெறும் 57 பேர், ஒரே மருத்துவமனையின் பழைய பதிவேடுகளிலிருந்து எடுத்தவர்கள். சான்று மெலிந்ததுதான். இருந்தும் அழுத்திச் சொல்வேன்: ஆயுளைக் கணிக்க நாற்பதாண்டுகளாக அறுவைக்கு முந்திய அளவையே பெரிதும் பார்த்து வந்தது தவறான இடத்தில் பார்த்ததாகும். கட்டியை எடுத்தபின் இரத்தத்தில் எஞ்சும் புரதமே கண்ணுக்குப் படாமல் எஞ்சிய நோயைச் சொல்கிறது. அந்த 57 பேருக்கும் நோய் திரும்பும் அபாயம் அறுவைக்குப் பிந்திய முதல் 12 மாதங்களில்தான் குவிந்திருந்தது. ஸ்கேன்களை நெருக்கமாக வைக்க வேண்டிய மாதங்கள் அவை.