கட்டளையைக் கைவிட்ட அதிகாரி: தலைமைத்துவக் கல்வி பற்றி யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசிப்பு

பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான இருபதாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்களை இராணுவ முகாம்களுக்கு அனுப்ப இலங்கையின் உயர்கல்வி அமைச்சு 2011இல் தீர்மானித்தது. மே 23இல் தொடங்கிய அந்த மூன்று வார வதிவிடப் பயிற்சிக்குத் தலைமைத்துவப் பயிற்சி என்று பெயர். பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம் எதிர்த்தது. உச்ச நீதிமன்றத்தில் மனுக்கள் தாக்கலாயின. எதிர்ப்பில் அதிகம் ஒலித்தது இராணுவமயமாக்கல் என்ற சொல். நியாயமான சொல்தான். ஆனால் படையதிகாரி ஒருவர் தலைமைத்துவம் கற்பிக்கவே தகுதியற்றவரா என்ற கேள்வி அதனால் தீர்ந்துவிடவில்லை. என் வாதம் இது: படையனுபவம் தலைமைத்துவக் கல்விக்கு உதவும், அதிகாரி கட்டளையிடுவதை நிறுத்திய பிறகே உதவும். அதற்கு மிகத் தெளிவான சான்று, பிரித்தானியப் படையதிகாரியும் உளமருத்துவருமான வில்பிரட் பியோனின் வாழ்க்கை.

பியோன் 1897இல் வட இந்தியாவின் மதுராவில் பிறந்தவர். முதலாம் உலகப் போரில் டாங்கிப் படை அதிகாரியாக 1917இல் கம்ப்ரேயிலும் 1918இல் அமியானிலும் போரிட்டார். வீரத்துக்காக உயர் விருது பெற்றபோது அவருக்கு வயது இருபதை ஒட்டித்தான் இருக்கும். போருக்குப் பின் ஒக்ஸ்போர்ட்டில் வரலாறும் லண்டனில் மருத்துவமும் படித்து, டவிஸ்ரொக் கிளினிக்கில் உளசிகிச்சையாளரானார். இரண்டாம் உலகப் போர் அவரை இராணுவ உளமருத்துவராக மறுபடியும் சீருடைக்குள் கொண்டுவந்தது.

அக்காலத்தில் அதிகாரிப் பதவிக்கு ஆள் தெரிவுசெய்தது பெரும்பாலும் பள்ளிக்கூடப் பெயரையும் நேர்முகத்தில் காட்டும் மிடுக்கையும் பார்த்து. 1942இல் எடின்பரோவில் பியோன் வேறொரு முறையைச் சோதித்தார். எட்டுப் பேரளவில் ஒரு குழு, ஒரு வேலை, தலைவர் யாரென்று சொல்லப்படாது. பலகையும் கயிறும் கிடக்கும், பாலம் கட்ட வேண்டும். பரிசோதகர் வாய் திறக்கமாட்டார். தன் திறமையைக் காட்டினால்தான் தெரிவாகலாம், அடுத்தவனோடு ஒத்துழைக்காவிட்டால் வேலை முடியாது. இந்த இழுபறியில் ஒருவன் எப்படி நடக்கிறான் என்பதே சோதனை. கரையில் நின்று பார்ப்பவருக்கு, உரக்கப் பேசுபவனைவிடக் கயிற்றின் மறுமுனையைப் பேசாமல் பிடித்துக் கொடுப்பவன் தென்படத் தொடங்குவான்.

அடுத்த சோதனை பர்மிங்ஹாமுக்கு அருகே நோர்த்பீல்ட் இராணுவ மருத்துவமனையில். மனம் குலைந்த படையினர் இருந்த பயிற்சிப் பிரிவு ஒன்று பியோனின் பொறுப்பில் வந்தது. ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு குழுவில் சேரவேண்டும், நாள்தோறும் நண்பகலை ஒட்டி எல்லோரும் கூடவேண்டும் என்பதுதான் அவர் இட்ட விதி. விடுதி அழுக்காயிற்று, பெரும்பாலானோர் சோம்பேறிகள் என்று முறைப்பாடு வந்தது. வேறு அதிகாரியானால் தண்டனை கொடுத்திருப்பார். பியோன் தண்டிக்கவுமில்லை, தீர்வு சொல்லவுமில்லை. உங்கள் பிரச்சினையை நீங்களே ஆராயுங்கள் என்று திருப்பிக் கொடுத்தார். சில வாரங்களில் அவர்களே ஒழுங்கைத் தேடத் தொடங்கினார்கள். ஆறே வாரத்தில் மேலிடம் அந்தப் பரிசோதனையை நிறுத்தியது. கட்டளை அமைப்புக்குள் கட்டளையில்லாத ஓரிடம் நெடுநாள் நிலைக்காது என்பதையும் அதில் படிக்கலாம்.

இந்த அனுபவங்கள் 1961இல் வெளிவந்த அவரது குழுக்கள் பற்றிய நூலில் கோட்பாடாயின. குழு தன் வேலையை மறந்து சில மறைமுக நம்பிக்கைகளில் விழுந்துவிடும் என்றார். ஒருவர் வந்து எல்லாம் பார்த்துக்கொள்வார் என்று தங்கியிருத்தல் அவற்றுள் ஒன்று. எதிரியைக் கற்பனை செய்து மோதுதல் அல்லது ஓடுதல் இன்னொன்று. 1957 முதல் லெஸ்ரரில் நடந்த குழு உறவு மாநாடுகள் இந்தச் சிந்தனையைத் தலைமைத்துவக் கல்வியாக வளர்த்தன.

இந்தியாவில் கதை பாதியில் நின்றது. 1943இல் டேராடூனில் தொடங்கிய அதிகாரித் தெரிவு முறை, பியோன் சோதித்த பிரித்தானிய மாதிரியைப் பின்பற்றியது. இன்றைய படைத் தெரிவு வாரியங்களிலும் குழுப்பணிச் சோதனை உண்டு. பியோனின் கருவி தங்கியது. தன் குழுவைத் தானே ஆராயச் சொன்ன பாடம் அங்கே தேவைப்படவில்லை. 2011இன் இலங்கைத் திட்டமோ இராணுவ முகாமில் நடந்தது. அணிவகுப்பும் விடியற்காலை எழும்புதலும் கீழ்ப்படிதலைப் பழக்கும். அதற்குத் தலைமைத்துவம் என்று பெயரிட்டது பிழை.

யாழ்ப்பாணத்தில் இந்தப் பிழையின் விலை கூடுதல். 1995 ஒக்ரோபர் இறுதியில், போரால் இடம்பெயர்ந்த வலிகாமம் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தது. பிறகு முகாம், நிவாரணம், சோதனைச் சாவடி. யாழ். பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2007இல் வெளியிட்ட ஆய்வில், போரின் காயம் தனிமனிதரோடு நிற்காமல் சமூகத்தையே பாதித்ததைக் கூட்டு மனவடு என்று விளக்கினார். அவநம்பிக்கை, மௌனம், செயலின்மை, பிறரில் தங்கியிருத்தல் என அதன் குறிகளைக் காட்டினார். பியோன் சொன்ன தங்கியிருத்தலோடு இது பொருந்துவது தற்செயலன்று.

சனசமூக நிலையம் ஒன்றின் வருடாந்தப் பொதுக்கூட்டத்தைப் பாருங்கள். தலைவர் பதவிக்கு ஒருவரைப் பிரேரியுங்கோ என்றதும் மண்டபம் நிலத்தைப் பார்க்கும். கடைசியில் "வாத்தியாரே இருக்கட்டும்" என்று ஒரு குரல்; உடனே ஆமோதிப்பு. வாத்தியாருக்கு எண்பது வயது. அவர் வேண்டாமென்று கையசைப்பதை யாரும் கவனிப்பதில்லை.

இதைப் போரின் தலையில் மட்டும் கட்டமுடியாது. அதிபர், அப்புக்காத்து, உயர்சாதிப் பெரியவர் என்று தலைமையை ஒரு சிலருக்கே ஒதுக்கிய பழைய யாழ்ப்பாணமும் இதில் பங்காளி. மறுபக்கம், பியோனை அப்படியே இறக்குமதி செய்வதிலும் சிக்கல் உண்டு. நோர்த்பீல்டில் பேசாமலிருந்தவனுக்குப் பேசினால் உயிராபத்து இருக்கவில்லை. இங்கே மௌனம் உயிர் காத்த அறிவாகவும் இருந்தது. அதைக் குழுவின் நோயென்று மட்டும் படிப்பவர் பாதியைத் தவறவிடுவார். ஆசிரியர்களையும் கிராம அலுவலர்களையும் அடிநிலைச் சுகாதார ஊழியரையும் உளசமூகப் பணிக்குப் பழக்கிய சோமசுந்தரத்தின் வழி இந்த வகையில் பியோனைவிட இம்மண்ணுக்கு நெருக்கமானது: நம்பிக்கையை முதலில் கட்டி, பிறகே கேள்வியைத் திருப்பிக் கொடுப்பது.

ஆகவே யாழ்ப்பாணத்தில் தலைமைத்துவப் பாடம் நடத்த முன்வரும் எவரிடமும், சீருடை அணிந்தவராயினும் அணியாதவராயினும், ஒன்றைக் கேட்கவேண்டும்: மாணவர் குழு உங்கள் முடிவை மறுத்தால் என்ன செய்வீர்கள்? தண்டிப்பேன் என்பவரை வகுப்புக்குள் விடக்கூடாது. பல்கலைக்கழகமும் கல்வி வலயங்களும் இந்த அளவுகோலை எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.