தென்னெல்லை மீட்சியும் நேசமணியும்

விளவங்கோடு வட்டத்தின் தலைநகராகிய குழித்துறையில் வழக்குரைஞரின் சொல்லுக்கு என்றும் தனி மதிப்புண்டு. அவ்வட்டத்துப் பள்ளியாடியில் 1895ஆம் ஆண்டு பிறந்த அ. நேசமணியும் வழக்குரைஞரே. நாகர்கோவில் நீதிமன்றத்தில் உயர்சாதி வழக்குரைஞர்க்கு நாற்காலியும் ஏனையோர்க்கு முக்காலியும் இடப்பட்ட வழக்கத்தை அவர் எதிர்த்து மாற்றினார் என்று நாஞ்சில் நாட்டார் இன்றும் சொல்வர். அவருடைய அரசியலும் அத்தன்மையதே.

திருவிதாங்கூர்த் தமிழர் தாய்த் தமிழகத்தோடு இணைதல் வேண்டும் என்பதே திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் குறிக்கோள். 1952இல் நேசமணி நாகர்கோவில் தொகுதியினின்று நாடாளுமன்றம் சென்றார். சட்டமன்றத்தில் கட்சிக்குக் கிடைத்தவை எட்டே இடங்கள். எனினும் ஏ. ஜே. ஜானின் அமைச்சரவை அவ்வெட்டுப் பேரின் தயவில் நின்றது. 1953இல் அவர்கள் விலகவே வீழ்ந்தது. 1954இல் எட்டு பன்னிரண்டாயிற்று.

இப்போராட்டத்தை ஒரு சமயத்தாரின் கிளர்ச்சியென எண்ணுவது பிழையாகும். பத்மநாபபுரம் தொகுதியினின்று சட்டமன்றம் சென்ற நூர் முகமது அவர்களும், மாநிலங்களவையில் அமர்ந்த அப்துல் ரசாக் அவர்களும் நம்மவரே. நம் பிள்ளைகளுள் எத்தனை பேருக்கு இப்பெயர்கள் தெரியும்? தலைவர்க்குச் சிலை வைப்போர் தோழர்களை மறந்துவிடுகின்றனர்.

1954 ஆகஸ்டு 11ஆம் நாள், குழித்துறையை ஒட்டிய மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீசார் சுட்டனர். தமிழர் பலர் மாண்டனர். முதலமைச்சர் பட்டம் தாணுப்பிள்ளை பதவி விலகவேண்டுமென, அவருடைய பிரஜா சோசலிஸ்டுக் கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியாவே வற்புறுத்தினார். தன் கட்சி ஆட்சியைத் தானே குற்றஞ்சாட்டும் துணிவு அரசியலில் அரிதினும் அரிது. பட்டமோ விலகவில்லை, மறு ஆண்டுத் தொடக்கத்தில் அவ்வாட்சி கவிழ்ந்தது.

நீதிபதி பசல் அலி தலைமையிலான மாநிலச் சீரமைப்புக் குழு 1955இல் அறிக்கை தந்தது. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் 1956 நவம்பர் முதல் நாள் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தில் இணைந்தன. செங்கோட்டையின் ஒரு பகுதியும் வந்தது. தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை. தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தமிழரைக் குடியேறியோர் என்று கருதியது நியாயமென நமக்குத் தோன்றவில்லை.

வெற்றிக்குப்பின் கட்சி காங்கிரசில் கலந்தது. நேசமணி 1957இல் கிள்ளியூரிலிருந்து சட்டமன்றத்துக்கும், 1962, 1967 தேர்தல்களில் நாகர்கோவிலிலிருந்து மக்களவைக்கும் தேர்ந்தெடுக்கப் பெற்றார். மக்கள் அன்போடு மார்ஷல் என்றழைத்த அப்பெருமகனார் 1968 ஜூன் முதல் நாள் மறைந்தார். காலியான அத்தொகுதியில் 1969 இடைத்தேர்தலில் நின்று வென்றவர் காமராசர்.